வெட்டுப்படுவது யாருடைய சொல்?

கல்லூரி மாணவர்களுக்கு ஆசிரியர்கள் இடும் பணிகளில் இன்று புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. முன்பெல்லாம், "ஒரு மீனவரைச் சந்தித்து நான்கு பக்கக் கட்டுரை எழுதி வா" என்பார்கள். இப்போது, "ஒரு மீனவரைச் சந்தித்துப் பத்து நிமிட வலையொலி ஒன்று செய்து வா" என்கிறார்கள். காட்சித் தொடர்பியல் பயில்வோருக்கு மட்டுமன்று. தமிழ் இலக்கியம், வரலாறு, சமூகப்பணி பயில்வோருக்கும் இப்பணி வந்துவிட்டது. கையில் கைப்பேசி இருக்கிறது. பேசுவதற்கு ஆள் இருக்கிறார். வேறென்ன வேண்டும் என்பது எண்ணம்.

இதை நான் எதிர்க்கவில்லை, வரவேற்கிறேன். எழுத்தறியாத ஒருவருடைய அறிவை அவருடைய குரலிலேயே பிறர் கேட்கச் செய்யும் கருவி, பத்தொன்பது வயதுப் பிள்ளையின் சட்டைப்பையில் இருப்பது எளிய செய்தியன்று. நான் எதிர்ப்பது வேறு. பதிவு முடிந்த பிறகு அப்பிள்ளை மடிக்கணினியின் முன் அமர்ந்து செய்யும் வேலைக்கு நாம் சூட்டியிருக்கும் பெயரை எதிர்க்கிறேன். "கிளீன் பண்ணிவிட்டேன், ஐயா" என்கிறார்கள் மாணவர்கள். ஆசிரியர்களும் அவ்வாறே சொல்கிறார்கள். தூய்மை செய்தலாம்! அப்படியானால் நீக்கப்பட்டது அழுக்கு என்றாகிறது. ஒரு மனிதர் பேசியதில் எது அழுக்கு என்று தீர்மானிக்கும் உரிமையை, இரண்டு மணி நேரப் பயிற்சிப் பட்டறை ஒன்றில் அமர்ந்து எழுந்ததற்காக நாம் எவருக்கேனும் வழங்கிவிட முடியுமா?

பெயரைப் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பாட்காஸ்ட் என்னும் ஆங்கிலச் சொல், ஆப்பிள் நிறுவனத்தின் ஐபாட் கருவியின் பெயரையும் ஒலிபரப்பைக் குறிக்கும் சொல்லையும் ஒட்டவைத்து உண்டானது. 2004 பிப்ரவரியில் கார்டியன் நாளேட்டில் பென் ஹாமர்ஸ்லி என்பவர் எழுதிய கட்டுரையில் அது முதன்முதலாக அச்சேறியது. ஐபாட் தயாரிப்பு 2022 மே மாதத்தில் நிறுத்தப்பட்டது. கருவி மறைந்து பெயர் மட்டும் நிற்கிறது. தமிழில் ஒலியோடை என்றும் வலையொலி என்றும் இரண்டு சொற்கள் வழங்குகின்றன. நான் வலையொலி என்றே எழுதுகிறேன்.

வானொலி நிலையங்களில் முன்பு ஒலிநாடாவைத்தான் வெட்டினார்கள். கால் அங்குல அகலமுள்ள நாடா. அதைப் பொருத்துவதற்குப் பள்ளம் இட்ட சிறு உலோகக் கட்டை. அக்கட்டையில் சாய்வாக ஒரு பிளவு. ஒரு சவரக் கத்தி. ஒட்டுவதற்கு ஒரு பசைப்பட்டை. இவ்வளவுதான் கருவி. வெட்ட வேண்டிய இடத்தைக் காண, நாடாச் சுருள்களை இரு கைகளாலும் முன்னும் பின்னும் மெல்ல உருட்டிக் காதால் கேட்க வேண்டும். வினாடிக்கு ஏழரை அங்குலம் ஓடும் நாடாவில், அரை வினாடி மூச்சு ஒன்று ஏறத்தாழ நான்கு அங்குலம் நீளும். வெட்டிய துண்டு மேசைமீது கிடக்கும். எவ்வளவு வெட்டினோம் என்பது கண்முன் சுருண்டு கிடக்கும்போது, கை தானாகவே சற்றுத் தயங்கும். அந்தத் தயக்கம் ஒரு நற்பண்பாக இருந்தது என்று சொன்னால், பழமைவாதி என்று இளைஞர்கள் என்னை எள்ளக்கூடும். எள்ளட்டும்.

இன்று மாணவர் பெரும்பாலோர் பயன்படுத்துவது ஆடாசிட்டி என்னும் இலவச மென்பொருள். 1999-இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனி என்னும் மாணவரும் ரோஜர் டானன்பர்க் என்னும் பேராசிரியரும் தொடங்கி, 2000 மே மாதத்தில் வெளியிட்டது. மாணவர் ஒருவர் ஆக்கிய கருவி உலகெங்கும் மாணவர் கைக்கு வந்திருப்பது மகிழத்தக்கதே. எனினும், இக்கருவியும் இதைப் போன்ற பிறவும் ஒன்றை மாற்றிவிட்டன. ஒலி இப்போது திரையில் படமாகத் தெரிகிறது. பேச்சு மேடாகத் தெரிகிறது. பேசாத இடம் தட்டையாகத் தெரிகிறது. காது செய்த வேலையைக் கண் செய்யத் தொடங்கிவிட்டது. கண்ணுக்குத் தட்டையான இடம் வெற்றிடம். வெற்றிடம் என்றால் வீண். வீண் என்றால் நீக்கு! மௌனங்களையெல்லாம் ஒரே கட்டளையில் சுருக்கிவிடும் வசதி கூட அதில் உண்டு. மாணவர் அந்த இடங்களை ஒரு முறையேனும் கேட்டிருக்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை.

மௌனம் வெற்றிடமா?

அண்மையில் ஒரு கல்லூரியில் மாணவர் வலையொலிப் போட்டிக்கு நடுவர் மூவருள் ஒருவனாக இருந்தேன். கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். மாணவர் சிலர், கடற்கரைச் சந்தையில் மீன் விற்கும் பெண்மணி ஒருவரைப் பதிவு செய்திருந்தார்கள். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் காலையைப் பற்றிய பேச்சு. ஒலி துல்லியமாக இருந்தது. பின்னணியில் வயலின் இசை மெல்ல எழுந்தது. "அன்று காலை எங்கே இருந்தீர்கள், அம்மா?" என்று கேட்டவுடன் அவர் தடையின்றிச் சொல்லிக்கொண்டே போனார். ஆறு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. ஏனோ, ஒப்பித்தது போல் இருந்தது. முழுப்பதிவைக் கேட்க விரும்பினேன். மாணவருள் ஒருவர் மட்டுமே அதைத் தம் கைப்பேசியில் அழிக்காமல் வைத்திருந்தார். நாற்பத்தெட்டு நிமிடம். அக்கேள்விக்குப் பிறகு அந்தப் பெண்மணி பதினொரு வினாடி பேசவில்லை. அரிவாள்மனையில் மீன் அறுபடும் ஒலி இரண்டு முறை கேட்கிறது. யாரோ விலை கேட்கிறார்கள்; அவர் பதில் சொல்லவில்லை. மீண்டும் ஓர் அறுப்பு. பிறகுதான், "இங்கதான் இருந்தேன்" என்கிறார்.

அந்தப் பதினொரு வினாடிதான் அப்பதிவின் உயிர். அதைத்தான் தூய்மை செய்திருந்தார்கள். அதற்கு ஈடாக, எங்கோ யாரோ வாசித்து இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் வயலினை வைத்து, "இங்கே நீங்கள் வருந்துக" என்று நமக்கு ஆணையிட்டிருந்தார்கள். அப்பெண்மணி தாமே தந்திருந்த துயரத்தை அப்புறப்படுத்திவிட்டுக் கடைச்சரக்கு ஒன்றை அவ்விடத்தில் வைத்தார்கள். முதற்பரிசு அதற்கே கிடைத்தது. நான் மறுத்துப் பேசியபோது உடனிருந்த நடுவர் ஒருவர், "இன்றைய கேட்பவர் பதினொரு வினாடி பொறுக்க மாட்டார், ஐயா" என்றார். மாணவர்மீது எனக்குச் சினமில்லை. பேச்சின் வேகத்துக்கும் இசைக்கும் மதிப்பெண் உண்டு என்று மதிப்பீட்டுத் தாளில் அச்சடித்துக் கொடுத்தவர்கள் நாம்தாமே!

தமிழுக்கு உள்ள தனி ஆபத்து

வெட்டும் கலையைக் கற்பிக்கும் கையேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலிருந்து வந்தவை. ஆங்கிலப் பேச்சில் வாக்கியத்தின் முன்பகுதியிலேயே யார் சொன்னார், மறுத்தாரா, ஒப்பினாரா என்பது தெரிந்துவிடும். பின்பகுதியைக் குறைத்தாலும் பெரும்பாலும் பொருள் குலைவதில்லை. தமிழின் இயல்பு அதற்கு நேர் எதிர். வினை இறுதியில் வருகிறது. மறுப்பும் ஐயமும் பிறர் கூற்று என்னும் குறிப்பும் அந்த இறுதியிலேயே குடியிருக்கின்றன. "பணத்தை அவர்தான் எடுத்தார் என்று ஊரில் சொன்னார்கள், நான் நம்பவில்லை" என்று ஒருவர் பேசுகிறார். 'எடுத்தார்' என்பதோடு வெட்டிவிட்டால் என்ன ஆயிற்று? பிறர் சொன்ன வதந்தி, தாம் நேரில் கண்ட சாட்சியாகிவிட்டது. நம்பாதவர் குற்றம் சாட்டுபவராகிவிட்டார். ஒரு சொல்லும் புதிதாகச் சேர்க்கப்படவில்லை, குரல் அவருடையதே, ஆயினும் அவர் சொல்லாத ஒன்றை அவர் வாயால் சொல்லவைத்தாயிற்று.

பேச்சு வழக்கில் இது இன்னும் நுண்மையானது. "எடுத்தாருன்னு சொன்னாங்க" என்னும்போது, அந்த 'ன்னு' என்பது கால் வினாடிகூட நீளாது. திரையில் அது ஒரு சிறு மணல்மேடு. அடுத்த வாக்கியத்தை நெருக்கி ஒட்டும் அவசரத்தில் அது போய்விடும். மூன்றாம் ஆண்டு மாணவருள் எத்தனை பேருக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்? இலக்கண வகுப்பில் வினைமுற்றையும் எச்சத்தையும் பிரித்துக் காட்டிய ஆசிரியர், அதே மாணவர் ஒரு மனிதரின் வினைமுற்றைக் கத்தரிக்கும்போது அருகில் இல்லை.

"இதெல்லாம் மாணவர் விளையாட்டு, இதனால் யாருக்கு என்ன கேடு?" என்று கேட்கலாம். மாணவரல்லாத, பல்லாண்டு அனுபவமுடைய தொழில்முறை நிறுவனங்களில் நிகழ்ந்ததைப் பாருங்கள். 2012 பிப்ரவரி 26-இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் டிரேவான் மார்ட்டின் என்னும் பதினேழு வயதுக் கறுப்பின இளைஞன் சுட்டுக் கொல்லப்பட்டான். சுட்டவர் அதற்குச் சற்று முன்பு காவல்துறையுடன் தொலைபேசியில் பேசியது பதிவாகியிருந்தது. அந்த இளைஞனின் போக்கு ஐயத்துக்குரியது என்று அவர் சொல்கிறார். பிறகு, அவன் எந்த இனத்தவன் என்று காவல்துறைப் பணியாளர் வினவுகிறார். அவ்வினாவுக்கு விடையாகவே, கறுப்பினத்தவன் போல் தெரிகிறது என்று அவர் கூறுகிறார். என்பிசி தொலைக்காட்சி மார்ச் மாதம் இதை ஒலிபரப்பியபோது இடையிலிருந்த பேச்சும் பணியாளரின் வினாவும் இல்லை. கறுப்பினத்தவன் என்பதாலேயே ஐயம் கொண்டார் என்று பொருள்படும்படி இரண்டு கூற்றுகளும் அடுத்தடுத்து ஒட்டியிருந்தன. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது, பொறுப்பானவர் பணியிழந்தார். சுட்டவருக்காக நான் பரிந்து பேசவில்லை. அந்த இளைஞனுக்கு நீதி கேட்டு வீதியில் நின்றவர்களின் கையைத்தான் அந்த வெட்டு பலவீனப்படுத்தியது. நியாயமான வழக்குக்குப் பொய்யான சான்று ஒன்றைச் சேர்த்துவிட்டால், எதிர்த்தரப்பு பேச வேண்டியது அந்தச் சான்றைப் பற்றி மட்டுமே.

பிபிசியின் செய்தி பழையதன்று. 2021 ஜனவரி 6-ஆம் நாள் டிரம்ப் ஆற்றிய உரையில், ஐம்பது நிமிடத்துக்கு மேல் இடைவெளியுள்ள இரண்டு பகுதிகளை ஒரே மூச்சில் சொன்னது போல் ஒட்டி 2024-இல் ஒரு நிகழ்ச்சி ஒளிபரப்பானது. அது வெளிப்பட்டதைத் தொடர்ந்து, 2025 நவம்பரில் அந்நிறுவனத்தின் தலைமை இயக்குநரும் செய்திப் பிரிவின் தலைவரும் பதவி விலகினார்கள். நூறாண்டு கண்ட நிறுவனத்தை ஓர் ஒட்டு ஆட்டிவிட்டது. அந்த ஒட்டைப் போட்ட கையும் ஒருநாள் எங்கோ ஒரு வகுப்பறையில் ஒட்டக் கற்ற கைதானே?

'உம்' கொட்டக் கூடாதாம்

பயிற்சிப் பட்டறைகளில் சொல்லித்தரும் இன்னொரு விதி இருக்கிறது. நேர்காணுபவர், எதிரில் இருப்பவர் பேசும்போது ஒலி எழுப்பக் கூடாது. தலையை மட்டும் ஆட்ட வேண்டும். ஏனெனில், 'உம்', 'ஆமாம்', 'அப்படியா' என்று இடையில் கேட்டால் பின்னால் வெட்டுவது கடினம். வெட்டுபவரின் வசதிக்காகக் கேட்பவர் ஊமையாக வேண்டும்!

நம் வீடுகளில் பாட்டி கதை சொல்லும்போது முதல் நிபந்தனை என்ன? "உம் கொட்டு" என்பதுதான். உம் நின்றால் கதை நிற்கும். பிள்ளை தூங்கிவிட்டது என்று பொருள். கேட்பவரின் குரல் சொல்பவரின் பேச்சுக்குத் தாளம். அதை எடுத்துவிட்டுக் கருவி ஒன்றை முகத்தருகே நீட்டிக்கொண்டு, கண்ணை உருட்டித் தலையை ஆட்டும் இளைஞரைப் பார்த்து ஒரு முதியவர் எப்படி மனம் திறந்து பேசுவார்? அவர் பேச்சு சுருங்கிவிடுகிறது. பிறகு, "பெரியவர் சரியாகப் பேசவில்லை" என்று மாணவர் குறிப்பு எழுதுகிறார். வானொலி நிலையத்துக்கு வந்து பேசிப் பழகிய அறிஞரிடம் அவ்விதி பொருந்தலாம். களத்துமேட்டில் பொருந்தாது. உம் கொட்டுங்கள், பிள்ளைகளே. பதிவில் அது இருக்கட்டும். நீங்கள் அங்கே இருந்தீர்கள் என்பதற்கு அதுவே சான்று.

இதில் மாணவரின் சொந்தக் குரலுக்கு நேர்வதையும் கவனிக்க வேண்டும். நாகர்கோவில் பக்கத்துப் பெண் ஒருத்தி, நண்பர்களிடம் பேசும்போது அவளுடைய தமிழ் ஏறி இறங்கிப் பாடும். ஒலிவாங்கியின் முன் அமர்ந்தவுடன் அவள் சென்னைப் பண்பலை அறிவிப்பாளராகிவிடுகிறாள். "ஹலோ, வணக்கம் மக்களே" என்று தொடங்கும் அந்தத் துள்ளலை யார் கற்றுக்கொடுத்தார்கள்? தன் ஊர்ப் பேச்சு பதிவுக்கு உகந்ததன்று என்று அவள் முடிவு செய்துவிட்டாள். நாமும், "உச்சரிப்பு நன்று" என்று மதிப்பெண் இட்டோம்.

2006-இல் நடுவண் அரசு வெளியிட்ட சமுதாய வானொலிக் கொள்கையைப் படித்துப் பாருங்கள். நிகழ்ச்சிகள் இயன்றவரை உள்ளூர் மொழியிலும் வட்டார வழக்கிலும் அமைய வேண்டும் என்கிறது அது. உள்ளடக்கத்தில் குறைந்தது பாதியேனும் அப்பகுதி மக்களின் பங்கேற்புடன் உருவாக வேண்டும் என்கிறது. ஒலிபரப்பிய நிகழ்ச்சிகளை மூன்று மாதம் பாதுகாத்து வைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. 2004-இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் மாணவர் பங்கேற்புடன் தொடங்கிய வளாக வானொலியை அடுத்து, பல கல்லூரிகள் இத்தகைய நிலையங்களை நடத்திவருகின்றன. அரசுக் கொள்கைகளைப் புகழ்வது என் வழக்கமன்று. ஆயினும் வட்டார வழக்கை அரசே மதித்துச் சட்டகத்தில் எழுதியிருக்கும்போது, வகுப்பறை அதை அழுக்கு என்று நீக்குவது விந்தையன்றோ? வலையொலிக்கு இவ்விதிகள் எவையும் இல்லை. உரிமம் வேண்டாம், காப்பு வேண்டாம், பொறுப்பாளர் பெயர்கூட வேண்டாம். அதனால்தான் ஆசிரியரின் பொறுப்பு பெருகுகிறது.

இயந்திரம் இட்ட குரல்

அண்மைக் காலத்தில் இன்னும் ஒரு படி தாண்டிவிட்டோம். டிஸ்கிரிப்ட் போன்ற மென்பொருள்கள் பேச்சை எழுத்தாக்கிக் காட்டுகின்றன. எழுத்தில் ஒரு சொல்லை அழித்தால் ஒலியிலும் அது அழிகிறது. தயக்கச் சொற்களை எல்லாம் ஒரே சொடுக்கில் களைகின்றன. அதோடு நிற்கவில்லை. ஒருவர் குரலைப் பழகிக்கொண்டு, அவர் பேசாத சொல்லை அவர் குரலிலேயே உண்டாக்கவும் செய்கின்றன. கைப்பேசியில் பதிந்ததைக் கலையகத்தில் பதிந்தது போல் ஆக்கித் தரும் வேறு கருவிகளும் வந்துள்ளன. அவை இரைச்சலை மட்டும் எடுப்பதில்லை. குரலையே புதிதாக ஆக்கித் தருகின்றன. இரைச்சல் மிகுந்த இடத்தில் சொல்லே வேறொன்றாகத் திரிந்துவிடுவதும் உண்டு.

உலகம் சுற்றிய சமையற்கலைஞர் அந்தோனி போர்டேன் 2018-இல் இறந்தார். 2021-இல் வெளிவந்த அவரைப் பற்றிய ஆவணப்படத்தில், அவர் எழுதியிருந்தும் ஒலிப்பதிவாகாத சில வரிகளை இயந்திரக் குரலில் அவரே பேசுவது போல் அமைத்திருந்தார்கள். பார்ப்பவருக்கு அது தெரிவிக்கப்படவில்லை. இயக்குநர் நேர்காணலில் சொன்ன பிறகே வெளிவந்தது. கடும் கண்டனமும் எழுந்தது. சொற்கள் அவருடையவைதாமே என்று வாதிடலாம். எழுதியவர் அவரே, ஆனால் உரக்கச் சொன்னவர் அவர் அல்லர். ஒருவர் தனியாக நண்பருக்கு எழுதிய வரியை எந்தத் தொனியில் சொல்லியிருப்பார், சொல்லியிருப்பாரா என்பதை இயந்திரம் எப்படி அறியும்?

நம் மாணவர் செய்யக்கூடியது இதைவிடச் சிறியது. ஆகவே எளிதில் கண்ணில் படாதது. மூதாட்டி ஒருவர் ஆண்டைத் தவறாகச் சொல்லிவிட்டார், மீண்டும் அவர் வீட்டுக்குப் போகப் பேருந்துச் செலவு ஆகும், இரவோ நெருங்கிவிட்டது. இயந்திரத்திடம் சரியான ஆண்டை அவர் குரலில் சொல்லச் சொல்லிவிடலாமே! நல்ல நோக்கந்தான். ஆயினும் அந்தக் கணம் முதல் அப்பதிவில் உள்ள எந்தச் சொல்லையும் நாம் நம்ப வேண்டியதில்லை. ஆண்டு பிழையென்றால், "பாட்டி தவறாகச் சொன்னார், ஆண்டு இதுதான்" என்று மாணவர் தம் குரலில் சொல்லட்டும். அதற்கு நான்கு வினாடி போதும்.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அதில் நியாயமும் உண்டு. வெட்டாமல் விட முடியுமா? முடியாது. நாற்பத்தெட்டு நிமிடத்தையும் அப்படியே வெளியிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். பேசியவருக்கே அது நன்மையன்று. தடுமாறிய இடத்தை, "இதை எடுத்துவிடு தம்பி" என்று அவரே சொல்வார். அவர் வாய்தவறிச் சொன்ன அயலார் பெயர், குடும்பச் சண்டை, மேற்பார்வையாளர்மீது உள்ள கோபம் இவற்றை நீக்காமல் விட்டால் நாளை அவர் வேலைக்கே ஆபத்து வரலாம். ஆகவே வெட்டு தேவை. சில வேளைகளில் அன்பின் கடமையுங்கூட. அவ்வெட்டு பேசியவரைக் காக்கிறதா, வெளியிடுபவரின் நேர்த்தியைக் காக்கிறதா என்பதே என் கேள்வி. அச்சுக் கட்டுரையில் நாம் ஒருவர் பேச்சைச் சுருக்கினால், இது எழுதியவரின் சுருக்கம் என்று படிப்பவர் அறிவார். ஒலியில் அந்த அறிவிப்பு இல்லை. வெட்டிய இடம் காதுக்குத் தெரியாமல் இருப்பதே திறமை என்று பாராட்டப்படுகிறது. 'அவர் குரலிலேயே கேட்டேன்' என்று நாம் சாட்சி சொல்லும்போது, நம்மை அறியாமலேயே வெட்டியவருக்கும் சேர்த்துச் சாட்சி சொல்கிறோம்.

உண்மையான திறமை பதிவு செய்யும் நேரத்தில் இருக்கிறது. இதைச் சொன்னால் மாணவருக்குச் சலிப்பு. மென்பொருளில் எல்லாம் சரிசெய்துவிடலாம் என்கிறார்கள். சரிசெய்ய முடியாது. தமிழ்நாட்டு வீடுகளில் ஒலிப்பதிவின் முதற்பகைவன் தலைக்கு மேல் சுழலும் மின்விசிறி. அதை நிறுத்திவிட்டு வியர்வையோடு அமர வேண்டும். அம்மாவிடம் அனுமதி கேட்டுக் குளிர்பதனப்பெட்டியையும் சற்று நேரம் அணைக்க வேண்டும். திரும்பப் போடவும் மறக்கக் கூடாது. கைப்பேசியை ஒரு சாண் தொலைவில், வாய்க்கு நேரே நீட்டாமல் சற்றுப் பக்கவாட்டில் பிடித்தால் மூச்சு மோதாது. வெற்றுச் சுவர் எதிரொலிக்கும். துணிகள் தொங்கும் அறை எதிரொலிக்காது. பேச்சு முடிந்த பிறகு, அதே இடத்தில் யாரும் பேசாமல் அரை நிமிடம் பதிந்துகொள்ள வேண்டும். அந்த இடத்துக்கென்று ஓர் அமைதி உண்டு. அரசமரத்தடி அமைதி வேறு, ஓட்டுவீட்டு அமைதி வேறு. நேர்மையாக வெட்டிய இடத்தை நிரப்ப அதுவே உதவும். இவ்வளவும் செய்தவருக்குத் தூய்மை செய்ய அதிகம் மிஞ்சாது. இரைச்சலை மென்பொருளால் அளவு மீறி உறிஞ்சினால் குரல் தண்ணீருக்கடியிலிருந்து வருவது போல் ஆகிவிடுவதைக் கேட்டிருப்பீர்கள். சந்தையில் பதிந்த பேச்சில் சந்தை கேட்கட்டுமே! மீன் விற்பவர் சந்தையில்தான் இருந்தார்.

மூலப்பதிவை அழிப்பதற்குச் சொல்லும் காரணத்தையும் நான் ஏற்கவில்லை. கைப்பேசியில் இடமில்லையாம். உயர்தரத்தில் பதிந்த ஒற்றைத்தட ஒலி, ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 300 மெகாபைட். சுருக்கிய எம்பி3 வடிவில் 60 மெகாபைட்டுக்குள் அடங்கும். நண்பர் திருமணத்தின் ஒளிப்படங்கள் இதைவிட அதிக இடத்தை அடைத்துக்கொண்டு அதே கைப்பேசியில் இருக்கின்றன. அம்மூதாட்டி நாளை மறைந்துவிட்டால் அவர் பிள்ளைகளுக்கு வேண்டியது வயலின் சேர்த்த ஆறு நிமிடமன்று. அவர் இருமியதும் சிரித்ததும் "காப்பி குடிக்கிறியா" என்று இடையில் கேட்டதும் அடங்கிய நாற்பத்தெட்டு நிமிடம்.

ஆசிரியப் பெருமக்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. வலையொலியோடு முழுப்பதிவையும் மாணவர் ஒப்படைக்கட்டும். எந்த நிமிடத்தில் எதை நீக்கினார், ஏன் நீக்கினார் என்று ஒரு தாளில் எழுதித் தரட்டும். வெளியிடுவதற்கு முன்பு, பேசியவரிடமே திரும்பிச் சென்று, முடிந்த வடிவத்தை அவர் காதில் போட்டு அவருடைய சம்மதத்தையும் குரலாகவே பதிந்து வரட்டும். கையொப்பம் இடத் தெரியாதவருக்கு இதுவே கையொப்பம். இயந்திரக் குரல் ஒரு சொல்லில் இருந்தாலும் மதிப்பெண் இல்லை என்று முதல் நாளே அறிவியுங்கள். இசைக்கு இருக்கும் மதிப்பெண்ணை எடுத்து அந்தத் தாளுக்குக் கொடுங்கள்.

"அறுபது பேர் கொண்ட வகுப்பு, இவ்வளவையும் யார் கேட்பது?" என்பார்கள். நால்வர் கொண்ட குழுக்களாகப் பிரித்தால் பதினைந்து பதிவுகள். ஒவ்வொரு தாளிலும் ஐந்து வெட்டுகளை மட்டும் தேர்ந்து, மூலத்தில் அந்த இடங்களை ஒவ்வொரு நிமிடம் கேட்டால் எழுபத்தைந்து நிமிடம் ஆகும். அறுபது விடைத்தாள் திருத்துவதற்கு இதைவிட அதிக நேரம் செலவிடுகிறோம்.